புயல் கடலோடு போனாலும் கயிறை அவிழ்க்காதீர்கள்

புயல் ஆந்திராவுக்குப் போகிறது என்று செய்தியில் கேட்டதும் நம் குப்பத்தில் பாதிப் பேர் நிம்மதியாகிவிடுவார்கள். அது தப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம், 5ஆம் தேதி. சென்னை மூழ்கியதோ அதற்கு முந்தைய இரண்டு நாளில்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் படகைப் பாருங்கள். ஃபைபர் படகு என்றால் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, படகை மேட்டில் ஏற்றிக் கட்டுங்கள். துறைமுகத்துக்குள் நிற்கும் விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதித்தான் உடைகின்றன. நடுவில் பழைய டயர்களைத் தொங்கவிடுங்கள். கயிறை விறைப்பாகக் கட்டாதீர்கள். தண்ணீர் ஏறும்போது படகும் ஏற வேண்டுமே! கயிறு கல்லில் உரசும் இடத்தில் கிழிந்த சாக்கைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே இரவில் அறுந்துவிடும்.

எண்ணூர்க்காரர்களுக்கு இன்னொன்று. கொசஸ்தலை ஆறு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. கடல் பொங்கி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் வடியாது. பூண்டி ஏரியில் இந்த ஆற்றுக்குத் திறந்துவிட்ட தண்ணீரும் மழை விட்ட பிறகுதான் வந்து சேரலாம். அதனால் வெயில் அடித்தாலும் பரண்மேல் ஏற்றிய அரிசியையும் ரேஷன் கார்டையும் உடனே இறக்காதீர்கள்.

அப்புறம், அலை பார்க்கப் பிள்ளைகளைத் தூண்டில் வளைவுக் (கடலுக்குள் நீட்டிப் போட்ட அலைத்தடுப்பு) கற்கள்மேல் ஏறவிடாதீர்கள். பாசி வழுக்கும். அவசரத்துக்குச் சென்னை மாநகராட்சி எண் 1913.