கடல், மலை, பாலைவனம்: அமெரிக்காவின் கலிஃபோர்னியா 78 நெடுஞ்சாலையில் கார் ஓட்ட

சென்னை ஆர்.டி.ஓ.வில் படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஓராண்டு செல்லும். நம் ஊர் உரிமத்தையும் கையில் வைத்திருங்கள்.

அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும்; முதல் நாள் திரும்பும்போதெல்லாம் வைப்பர்தான் ஓடும். வேகப் பலகைகள் மைலில் இருக்கும்: 55 என்றால் சுமார் 88 கிலோமீட்டர்.

ஓஷன்சைடு கடற்கரையில் கிளம்பி, எஸ்கொண்டிடோ தாண்டினால் ஏற்றம். வழியில் வரும் ஜூலியன் ஊர் சுமார் 1,290 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி விழும், டயருக்குச் சங்கிலி கேட்பார்கள். ஆப்பிள் பை சாப்பிடலாம், ஆனால் டேங்கை நிரப்பாமல் இறங்காதீர்கள்.

அடுத்து வரும் பேனர் இறக்கம்தான் சோதனை. ஆட்டோமேட்டிக் காரில் கியரை டி-யிலேயே (வழக்கமான ஓட்டத்துக்கானது) விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பேட் சூடேறி, கருகல் வாடை வரும், பிறகு பிடிக்காது. எல் (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். வளைவுக்கு முன்பே பிரேக்கை அழுத்தி, விட்டுவிடுங்கள்.

கீழே அன்சா-பொரேகோ பாலைவனம். சென்னை வெயிலில் சட்டை நனையும். இங்கே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு வறள்வது தெரியாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். கோடையில் இந்தப் பகுதியைக் காலை 10 மணிக்குள் கடந்துவிடுங்கள். பாலைவனம் தாண்டி பிராலி ஊர் வந்தால் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறீர்கள்.