பாட்டின் சுருதியை மாற்ற மென்பொருள் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பாட்டு டிராக் தயார் செய்கிற தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அண்ணா, பிட்ச் மாத்த எந்த சாஃப்ட்வேர் நல்லது?" கையில் இருப்பது என்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒற்றைக் குரலா, எல்லா வாத்தியமும் கலந்த டிராக்கா, பரணில் கிடந்த கேசட்டா? மூன்றும் மூன்று விதமான வேலை. அதைப் பார்க்காமல் பேர் பெற்ற ஒன்றை இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் அதிலேயே போட்டுத் தேய்ப்பதுதான் முதல் தவறு.

கேசட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் நீலகிரி மலையில் அதில்தான் நிறைய சொத்து இருக்கிறது, ஈரத்தில் பூஞ்சை பிடித்து வருஷா வருஷம் அழிந்துகொண்டும் இருக்கிறது. பழைய பஜனை, பெரியவர்கள் பாடிய படுகப் பாட்டு, கோல் என்கிற ஊதுகுழல் வாசிப்பு எல்லாம் கேசட்டில்தான் உண்டு. பிளேயரின் பெல்ட் தளர்ந்து டேப் மெதுவாக ஓடினால் சுருதி இறங்கும், கூடவே தாளமும் இழுக்கும், இரண்டும் ஒரே விகிதத்தில். இதைச் சரிசெய்ய பிட்ச் ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம், வேகத்தை மாற்றினாலே போதும். ஆடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் சேஞ்ச் பிட்ச் (சுருதி மட்டும்), சேஞ்ச் டெம்போ (தாளம் மட்டும்), சேஞ்ச் ஸ்பீட் (இரண்டும் சேர்ந்து, புதிய பதிப்புகளில் சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச் என்று பெயர்) என்று மூன்று தனித்தனியாக இருக்கும். கேசட்டுக்கு உரியது ஸ்பீட். சுருதி அரைக் கட்டை, அதாவது ஒரு செமிடோன் (கீபோர்டில் வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்த்து எண்ணினால் அடுத்த கட்டை), இறங்கியிருந்தால் வேகத்தை 5.95 சதவீதம் கூட்டினால் சரியாகிவிடும், 5 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 43 விநாடிக்கு வரும். வேகம் மட்டும் மாறுவதால் ஒலியில் கரகரப்போ குழறலோ புதிதாகச் சேராது. அதை விட்டுவிட்டு சேஞ்ச் பிட்சைப் போட்டால் சுருதி சேர்ந்துவிடும், பாட்டு மட்டும் இழுத்துக்கொண்டே கிடக்கும்.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவில் ஹார்மோனியம் இருந்து, அந்தப் பெட்டி இன்னும் ஊரில் இருந்தால், போய் அதே ஸ்வரத்தை வாசித்து ஒப்பிடுங்கள். கோயில் மணிச் சத்தம் பதிவாகியிருந்தால் அது இன்னும் நல்லது, மணி அங்கேயேதான் தொங்குகிறது, அதன் சுருதியும் மாறியிருக்காது. ஃபோனில் ஒரு டியூனர் ஆப் வைத்துக்கொண்டு இரண்டையும் அளந்தால் விடை கிடைத்துவிடும். அந்த விடை முழு செமிடோனில் வராது. ஒரு செமிடோனுக்கு 100 சென்ட், உங்களுக்கு 70 சென்டோ 130 சென்டோதான் தேவைப்படும். முழு செமிடோனாக மட்டும் தாவுகிற ஆப்களை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

அப்புறம் கட்டைக் கணக்கு, அதாவது ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை C-யிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணிச் சுருதியைச் சொல்வது. இதில்தான் அதிகம் பேர் தடுக்குகிறார்கள். பாடகர் "ஒரு கட்டை ஏத்துங்க" என்பார், மென்பொருளோ செமிடோனில் கேட்கும். ஒரு கட்டை என்றால் 2 செமிடோன் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம், அது எல்லா இடத்திலும் சரி இல்லை. மூணு கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, அங்கே ஒரு கட்டை ஏற்றினால் 1 செமிடோன்தான். ஏழிலிருந்து மேல் ஒன்றுக்கும் அப்படியே. ஹார்மோனியத்தையோ கீபோர்டையோ முன்னால் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு எண்ணைப் போடுங்கள். ஆண் பாடுகிற ஒரு கட்டை டிராக்கை ஒரு பெண்ணுக்காக ஐந்து கட்டைக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலே போனால் 7 செமிடோன், கீழே வந்தால் 5. எவ்வளவு குறைவாக நகர்த்துகிறோமோ அவ்வளவு நல்லது, அதனால் கீழே வாருங்கள். 5 என்பதே பெரிய நகர்வுதான். டிராக்கை வாசித்த கீபோர்டுக்காரர் பக்கத்திலேயே இருந்து, மிடி கோப்பும் (ஒலி இல்லாமல், வாசித்த ஸ்வரங்களை மட்டும் குறித்து வைத்தது) அவரிடம் இருந்தால், டிரான்ஸ்போஸ் போட்டுச் சுருதியை மாற்றிப் புதிதாகவே எடுத்துத் தரச் சொல்லுங்கள், எந்த மென்பொருளும் அதற்கு ஈடாகாது.

குரலை மட்டும் நகர்த்துகிறவர்கள் தேர்வு செய்யும்போதே பார்க்க வேண்டியது ஃபார்மன்டைக் காக்கிற வசதி உண்டா என்பதை. ஒருவர் குரல் அவர் குரலாகக் கேட்பதற்குக் காரணம் தொண்டையும் வாயும் சேர்ந்து சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுப்பது, அந்த இடங்கள்தான் ஃபார்மன்ட். அவர் மேல் ஸ்தாயியில் பாடினாலும் தொண்டையின் நீளம் மாறாது, அந்த இடங்களும் பெரிதாக நகராது. மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து மேலே தூக்கினால் பெரியவர் பொம்மைக் குரலில் பேசுவார், கீழே இறக்கினால் பூதம். 1, 2 செமிடோன் வரை காது பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் இந்த வசதி இல்லாமல் முடியாது. ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் இருக்கிற எலாஸ்டிக் ப்ரோவிலும், இலவசமாகக் கிடைக்கிற ரப்பர் பேண்ட் என்கிற கருவியிலும் இது உண்டு. ரீப்பரை 60 நாள் காசு கொடுக்காமல் ஓட்டிப் பார்க்கலாம்.

சுருதியை மாற்றுவதும் சுருதியைத் திருத்துவதும் ஒன்று என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு. 1997-ல் வந்த ஆட்டோ-டியூன் திருத்துகிற கருவி. தப்பான ஸ்வரத்தைப் பக்கத்து சரியான ஸ்வரத்துக்கு இழுத்து உட்கார வைப்பது அதன் தொழில். கமகம் என்பதே ஸ்வரம் ஒரே இடத்தில் உட்காராமல் அசைவது. தோடி ராகத்துக் காந்தாரத்தை அதில் வேகமாகத் திருத்தச் சொல்லிப் போட்டால் அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு படிக்கட்டாக வெட்டிவிடும். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம், சின்னப் பிள்ளைகள் அழகாகப் பாடிய பிருகாவை, அந்த வேகமான ஸ்வர ஓட்டத்தைக்கூட இப்படித் தட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். திருத்தியே ஆக வேண்டும் என்றால் மெலடைன் போல, ஸ்வரத்தின் நடுவை ஒரு பக்கமும் அசைவை இன்னொரு பக்கமும் தனியாகத் தொட விடுகிற ஒன்றை எடுங்கள். அதுவும் ஒரே கமகத்தைச் சில சமயம் இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துக் காட்டும், துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் நகர்த்துங்கள். கலந்த டிராக்கில் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொட வேண்டுமானால் மெலடைனின் எடிட்டர், ஸ்டுடியோ பதிப்புகளில்தான் முடியும், விலை குறைந்தவற்றை வாங்கிவிட்டு அங்கே தேடாதீர்கள்.

கலந்த டிராக்கில் முதலில் கெடுவது அடி. பறை, தப்பு, டிரம்ஸ் எல்லாம் பிட்ச் ஷிஃப்டில் கூர்மை போய்ச் சொதசொதவென்று ஆகிவிடும், அந்த அடியை நம்பித்தான் ஆடுகிறவர்கள் காலை வைக்கிறார்கள். டெமூக்ஸ் மாதிரி ஒன்றில் டிரம்ஸ், பேஸ், குரல், மற்றவை என்று பிரித்து, டிரம்ஸை அப்படியே விட்டு மற்ற மூன்றையும் நகர்த்திச் சேருங்கள். மிருதங்கமோ தபலாவோ என்றால் அது சுருதிக்குக் கட்டியது, கூடவே நகர்ந்தாக வேண்டும். இந்தப் பிரிக்கிற கருவிகள் மேற்கத்திய பாட்டில் பழகியவை, நாதசுரமோ கோலோ குரலோடு போய் ஒட்டிக்கொள்வது உண்டு. பிரித்த ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3-ஐ எடுத்து வேலை செய்துவிட்டு மென்பொருளைத் திட்டுவதும் நடக்கிறது. 128 கேபிபிஎஸ் எம்பி3-ல் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. அதை 5 செமிடோன் இறக்கினால் அந்த எல்லை 12 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், டிராக் கம்பளி போர்த்தினது போலக் கேட்கும். அசல் வேவ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆடாசிட்டியின் சேஞ்ச் பிட்சில் உயர்தரத்துக்கென்று கீழே ஒரு சிறிய பெட்டி உண்டு, அதை டிக் செய்யாமலேயே "ஆடாசிட்டி சரியில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். கொஞ்சம் நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

நெட் வழியாக மட்டும் ஓடுகிற ஆப்பை மழைக்காலத்தில் நம்பாதீர்கள். மரம் சாய்ந்து கரண்ட் போய், டவரும் போய், மறுநாள் காலை முகூர்த்தம் என்றால் யாரிடம் போய் நிற்பது? லேப்டாப்பிலேயே ஓடுகிற ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

எந்த மென்பொருளை எடுப்பதாக இருந்தாலும் அதை விற்கிறவர்கள் தளத்தில் வைத்திருக்கிற மாதிரிப் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் பதிவிலேயே ரொம்பக் கஷ்டமான 20 விநாடியை, நீண்ட ஆலாபனை இழுப்பும் உடனே அடியும் வருகிற இடமாக எடுத்து, இரண்டு மூன்று மென்பொருளில் ஒரே அளவு நகர்த்தி ஹெட்போனில் கேளுங்கள். பாடகர் "3 ஏத்துங்க" என்றுவிட்டு அப்புறம் "1 இறக்குங்க" என்றால், ஏற்றியதன் மேலேயே இறக்காமல் அசலைத் திறந்து 2 ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஒலி கொஞ்சம் தேயும். கோப்பின் பெயரிலேயே எந்தக் கட்டை, எத்தனை செமிடோன் நகர்த்தியது என்று எழுதி வையுங்கள், அசலை வேறு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.