டெஸ்டினேஷன் ஃபீ: ஹோட்டலை புக் செய்வதிலிருந்து செக்-அவுட் வரை படிப்படியாக

நியூயார்க்கில் ஓர் அறையின் வாடகை 250 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பில்லில் ஒவ்வொரு இரவுக்கும் இன்னொரு 40 டாலர் ஏறியிருக்கும். அதுதான் டெஸ்டினேஷன் ஃபீ. லாஸ் வேகாஸிலும் கடற்கரை விடுதிகளிலும் இதையே ரிசார்ட் ஃபீ என்பார்கள். சில ஹோட்டல்களில் அமெனிட்டி ஃபீ, ஃபெசிலிட்டி ஃபீ என்றும் எழுதியிருப்பார்கள். பெயர் எதுவானாலும் இது அரசு வரி இல்லை. ஹோட்டலே வைத்துக்கொள்ளும் கட்டாயக் கட்டணம். ஆள் கணக்கு கிடையாது, அறைக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. பதிலுக்குச் சில சலுகைகள் தருவார்கள். நாம் கேட்டு வாங்காவிட்டால் பெரும்பாலும் அவை வீணாகிவிடும்.

படி 1: மொத்த விலையை மட்டும் பாருங்கள்

அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்த விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. விலையைக் காட்டும்போதே கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்தத் தொகையைக் காட்ட வேண்டும் என்கிறது அது. கட்டணம் வசூலிப்பதை அது தடை செய்யவில்லை. அரசு வரிகளை முதலில் சேர்க்காமல் காட்டவும் இடம் உண்டு. அதனால் பணம் கட்டும் பக்கம் வரை போய், வரியும் சேர்ந்த கடைசித் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டலின் சொந்தத் தளத்தில் இல்லாமல், பல ஹோட்டல்களை புக் செய்து தரும் இடைத்தளங்களில் முன்பணம் கட்டினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறை வாடகையைத் தளம் எடுத்துக்கொள்ளும். டெஸ்டினேஷன் ஃபீயைப் பல நேரம் ஹோட்டலே தனியாக உங்கள் கார்டில் எடுக்கும். ‘ஹோட்டலில் செலுத்த வேண்டியது’ என்ற வரி இருந்தால் அந்தத் தொகைக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவையுங்கள்.

படி 2: ஃபீ இல்லாத ஹோட்டலோடு ஒப்பிடுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். முதல் ஹோட்டலில் வாடகை 250, ஃபீ 40, தினமும் 30 டாலர் உணவு கிரெடிட், அதாவது ஹோட்டலில் சாப்பிடும் பில்லில் அந்த அளவு வரை கழித்துக்கொள்ளும் சலுகை. இரண்டாவதில் வாடகை 285, ஃபீ கிடையாது. நியூயார்க் நகரில் அறைக்கு 14.75 சதவீத வரியும், அதற்கு மேல் இரவுக்கு 3.50 டாலரும் உண்டு. ஃபீக்கும் இந்த வரி விழும். ஆக 40 டாலர் ஃபீ என்பது உண்மையில் 45.90. முதல் ஹோட்டல் ஒரு இரவுக்கு 336.28 டாலர், இரண்டாவது 330.54. வித்தியாசம் 5.74.

‘30 டாலர் சாப்பாடு கிடைக்கிறதே, முதல் ஹோட்டல்தான் லாபம்’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வெளியே காபிக் கடையில் 10 டாலரில் காலை உணவை முடிப்பவருக்கு அந்தக் கிரெடிட்டின் மதிப்பு 10 டாலர்தான், 30 அல்ல. வரியும் டிப்ஸும் கிரெடிட்டில் சேராத ஹோட்டல்கள் நிறைய. ஹோட்டல் உணவகத்தில் உட்கார்ந்து 30 டாலருக்குச் சாப்பிட்டால் உணவுக்கான 8.875 சதவீத வரி 2.66, டிப்ஸ் 20 சதவீதம் வைத்தால் 6, ஆக 8.66 டாலர் கையிலிருந்து போகிறது. அந்த 10 டாலர் மதிப்பில் மிச்சம் வெறும் 1.34, வித்தியாசமான 5.74-ஐ அது ஈடுகட்டாது. தனி ஆளுக்கு இரண்டாவது ஹோட்டலே மலிவு.

அதே அறையில் இருவர் தங்கி, கவுன்டரில் பார்சல் வாங்கினால் கணக்கு மாறிவிடும். வெளியே 20 டாலர் ஆகும் உணவுக்கு வரி 2.66 மட்டுமே கொடுக்கிறீர்கள். மிச்சம் 17.34, அதில் வித்தியாசமான 5.74-ஐக் கழித்தாலும் இப்போது முதல் ஹோட்டல் 11.60 டாலர் லாபம். மற்ற சலுகைகளையும் இப்படித்தான் எடை போட வேண்டும்: சைக்கிள், அருங்காட்சியக டிக்கெட், லாண்டரி கிரெடிட் எதுவாக இருந்தாலும், சொந்தக் காசில் வாங்கியிருப்பீர்களா என்று பாருங்கள். வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றால் மதிப்பு பூஜ்யம்.

படி 3: பாயின்ட்டில் தங்கினால் விதி வேறு

பெரிய ஹோட்டல் குழுமங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குப் பாயின்ட் தருகின்றன, அதைப் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்துத் தங்கலாம். ஹயாத்தில் முழுக்கப் பாயின்ட் கொடுத்து எடுக்கும் இலவச இரவுகளுக்கு இந்த ஃபீ கிடையாது. ஹில்டனிலும் முழுத் தங்கலும் பாயின்ட்டில் என்றால் கிடையாது. பாதி பணம், பாதி பாயின்ட் என்றால் உண்டு. மேரியட்டில் பாயின்ட்டில் தங்கினாலும் வசூலிப்பார்கள்.

படி 4: செக்-இன் கவுன்டரில் கேட்க வேண்டியவை

“டெஸ்டினேஷன் ஃபீயில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, அட்டையாகத் தர முடியுமா?” என்று தொடங்குங்கள். பிறகு கிரெடிட்டைப் பற்றி விடாமல் கேளுங்கள்:

- எந்தக் கடைகளில் செல்லும்? ரூம் சர்வீஸ், மினிபார் (அறையிலுள்ள சிறு ஃபிரிட்ஜில் விற்பனைக்கு வைத்திருக்கும் பொருள்கள்), மதுபானம் சேருமா?
- இன்று செலவழிக்காதது நாளைக்கு வருமா? பெரும்பாலும் வராது.
- நாள் எப்போது மாறுகிறது? இரண்டு இரவு தங்கினால் மூன்று காலண்டர் நாள், ஆனால் கிரெடிட் இரண்டுதான். செக்-அவுட் காலையில் சாப்பிடுவதற்கு எந்த நாள் கிரெடிட் என்று தெரியாமல்தான் பலர் கடைசி காலை உணவுக்கு முழுப் பணம் கொடுக்கிறார்கள்.
- அறைக் கணக்கில் எழுதினால்தான் கழியுமா?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். பல ஹோட்டல்களில் உணவகத்தில் கார்டைத் தேய்த்துவிட்டால் கிரெடிட் கழியாது. அறை எண்ணைச் சொல்லி, பில்லில் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். செக்-இன் ஆவதற்கு முன் அறைக் கணக்கே திறந்திருக்காது என்பதால், அதிகாலையில் வந்து இறங்கி உடனே சாப்பிட உட்கார வேண்டாம்.

மேரியட்டின் உறுப்பினர் திட்டத்தில் கோல்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கு வேக இணையம் ஏற்கெனவே இலவசம். ரிசார்ட் கட்டணத்தில் இணையமும் சேர்ந்திருந்தால் அதற்கு ஈடாக வேறு சலுகை கேட்கலாம். எது என்பதை அந்த ஹோட்டலே முடிவு செய்யும். கேட்காதவர்களுக்குத் தானாக வராது.

படி 5: ஃபீயைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது

“ஜிம்முக்குப் போகவில்லை, எடுத்துவிடுங்கள்” என்றால் நடக்காது. சொன்ன வசதியே இல்லாதபோது உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: நீச்சல்குளம் பராமரிப்பில் இருக்கிறது, கிரெடிட் செல்லும் ஒரே உணவகம் மூடியிருக்கிறது என்பது போல. அறிவிப்புப் பலகையைப் படமெடுத்துக்கொண்டு, அன்றைக்கே மேனேஜரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். ஃபீயை எடுக்க மனமில்லாவிட்டாலும் மினிபார் அல்லது ரூம் சர்வீஸுக்குக் கிரெடிட்டை மாற்றித் தரச் சொல்லலாம்.

படி 6: கிளம்புவதற்கு முந்தைய இரவே பில்லைப் பாருங்கள்

ஃபிரண்ட் டெஸ்க்கிலோ ஹோட்டல் ஆப்பிலோ வரி வரியான பில்லை வாங்குங்கள். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு ஃபீ, அதற்கு வரி, சாப்பிட்ட தொகை, அதற்கெதிரே கழித்தல் குறியோடு கிரெடிட் இருக்க வேண்டும். கழித்தல் வரி விட்டுப்போயிருந்தால் உணவக ரசீதைக் காட்டுங்கள், கவுன்டரிலேயே திருத்திவிடுவார்கள். வீட்டுக்குப் போய் மின்னஞ்சலில் கேட்டால் இதே வேலை நாள்கணக்கில் இழுக்கும்.