ஓட்டோ கியர் உதறினால் செய்யக்கூடாதவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்ததிலிருந்து கொழும்பு வீதிகளில் புது மொடல்கள் கூடிவிட்டன. அவற்றுக்குள் கிளச் மிதிக்கிற காரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வரியும் சேர்ந்து ஒரு சின்னக் காரே காணித்துண்டு விலைக்கு வந்துவிட்ட காலத்தில், கியர் மாறும்போது ஓர் உதறல் வந்தால் சொந்தக்காரருக்கு வயிறு கலங்குவது நியாயம்தான். அந்தக் கலக்கத்தோடு கராஜுக்குப் போய், "பொக்ஸ் போயிட்டுது அண்ணை, மாத்தத்தான் வேணும்" என்று யாராவது சொன்னவுடன் தலையாட்டிவிடுகிறோம். கியர் பொக்ஸைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு மேல் சில்லறைச் செலவு.

என்ன பொக்ஸ் என்று தெரியாமல் பேசுவது

ஓட்டோ என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு இயந்திரங்கள். என்ஜின் விசையை ஒயில் வழியாகக் கடத்தும் டொர்க் கொன்வேர்ட்டரும் நாலைந்து கியரும் உள்ள பழைய முறை இன்னும் இருக்கிறது. விட்ஸ், எக்ஸ்-ட்ரெயில், ஓட்டோ வேகன் ஆர்களில் பெரும்பாலானவை சி.வி.டி: இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டி ஓடுகிறது, படிப்படியான கியர் கிடையாது. முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச் வைத்த 7 கியர் பொக்ஸ். சுசுக்கியின் ஏ.ஜி.எஸ் என்பது நம் பழைய மனுவல் பொக்ஸேதான். கிளச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி செய்கிறது. டொயோட்டா அக்குவாவிலும் பிரியஸிலும் மாறுவதற்குக் கியரே இல்லை. என்ஜினும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரே கியர்த் தொகுதியில் பிணைந்து ஓடுகின்றன.

இது தெரியாவிட்டால் சரியாக ஓடுகிற வாகனத்துக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுவோம். ஏ.ஜி.எஸ் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது தலை லேசாக முன்னுக்குப் போய்வரும். அது அதன் சுபாவம்; மாறுகிற நேரத்தில் அக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் குறையும். சி.வி.டியில் அழுத்தி மிதித்தால் என்ஜின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். இதைக் கிளச் வழுக்குவதாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. சுசுக்கியின் சில சி.வி.டிகளுக்குள் இரண்டு கியர் கொண்ட ஒரு துணைப்பெட்டி இருக்கிறது. அது மாறும் கணத்தில் ஒரு சின்னத் தட்டல் வருவதும் வழமைதான். அக்குவாக்காரர் "கியர் மாறும்போது அடிக்குது" என்று சொன்னால் அடிப்பது கியராக இருக்க முடியாது. ஓட்டத்தின் நடுவில் என்ஜின் எழும்பும்போது வரும் நடுக்கமாக இருக்கலாம். ஈ.ஜி.ஆர் (புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி விடும் வழி) அடைப்பு, பழைய பிளக், என்ஜினைத் தாங்கும் மவுண்ட் தளர்ந்தது என்று தேட வேண்டிய இடமே வேறு.

மவுண்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. பிரேக்கில் கால் வைத்தபடி டியில் (D) போட்டதும் "டொக்" என்று கேட்கிறது என்றால் முதலில் பொனட்டைத் திறந்து வைத்து, ஒருவர் டிக்கும் ஆருக்கும் (R) மாற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று என்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கலாம். பிரேக்கை நன்றாக அழுத்தியபடிதான், வாகனத்துக்கு முன்னால் யாரும் நிற்காமல். என்ஜின் எழும்பி விழுந்தால் மவுண்ட் ரப்பர் போய்விட்டது. துரொட்டில் பொடி அழுக்கேறி ஐடில் கூடி நின்றாலும் இதே அடி வரும். பிளக் அல்லது கொயில் ஒன்று விட்டு விட்டு வேலை செய்தால், ஏற்றத்தில் வரும் உதறலை அனுபவமுள்ளவர்கள் கூட சில நேரம் கியர் உதறல் என்று நினைத்துவிடுகிறார்கள்.

லைட் அணையட்டும் என்று பற்றரியைக் கழற்றுவது

என் கணக்கில் மிக மோசமான பழக்கம் இதுதான். டாஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிகிறது. பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டுப் பூட்டினால் அணைந்துவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். பல வாகனங்களில் அணைந்தும் விடுகிறது. கூடவே, கோளாறு வந்த நேரத்தில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கொம்பியூட்டர் எழுதி வைத்த பதிவும் போய்விடுகிறது. பிறகு வருகிற மெக்கானிக் இருட்டில்தான் தேட வேண்டும். இன்னொன்றும் நடக்கும். இப்போதைய பொக்ஸ்கள் கிளச் தேய்வுக்கு ஏற்ப எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று தாங்களே கற்று வைத்துக்கொள்கின்றன. சில மொடல்களில் பற்றரி கழற்றினால் அந்தக் கற்றலும் அழிந்து, முன்பு இல்லாத உதறல் கொஞ்ச நாளைக்குப் புதிதாக வரும்.

அதேபோல, நலிந்த 12 வோல்ட் பற்றரியோடு கியர் பொக்ஸைச் சந்தேகிப்பது. நம் வெயிலில் பற்றரி வேகமாக நலியும். ஸ்டார்ட் பண்ணும்போது வோல்ட் கீழே போனால் கியர்க் கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பிச் சம்பந்தமில்லாத கோளாறுக் கோட்களைப் பதிந்து வைக்கும். பற்றரிச் சோதனை சில நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் ஸ்கேன் அறிக்கையை நம்பக் கூடாது.

ஸ்கேன் என்றாலும் எல்லா ஸ்கேனும் ஒன்றல்ல. போனோடு இணைக்கிற மலிவான கருவி பெரும்பாலும் என்ஜின் கொம்பியூட்டரை மட்டும்தான் வாசிக்கும். அதில் பி0700 என்று வந்தால் "கியர்ப் பக்கம் ஏதோ கோட் இருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்பதுதான் அர்த்தம். அது கோளாறின் பெயரே அல்ல. கியர்க் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் போய் வாசிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள், அறிக்கையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், "கியர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், காலையில் குளிரில் வருகிறதா, காலி வீதி நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு வருகிறதா, எந்த வேகத்தில், ஏ.சி போட்டிருந்ததா என்று சொன்னால் மெக்கானிக் பாஸுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் டாஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

ஒயில் விஷயத்தில் நடப்பவை

நிறத்தைப் பார்த்து ஒயில் ஊற்றுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சிவப்பாக இருந்தால் கியர் ஒயில், அவ்வளவுதான். சி.வி.டிக்கு, சாதாரண ஓட்டோ கியர் ஒயிலான ஏ.டி.எஃப் ஊற்றினால் பட்டியும் கப்பியும் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்குப் பிடிக்காது, வழுக்கித் தேயும். நிசானில் என்.எஸ்-2 என்ற ஒயிலைக் கேட்கும் பொக்ஸ் உண்டு, என்.எஸ்-3 கேட்கும் பொக்ஸ் உண்டு. அக்குவாவில் தலைகீழான பிழை நடக்கிறது. அதன் அமைப்பை ஈ-சி.வி.டி என்று அழைப்பதால் சி.வி.டி ஒயிலை ஊற்றிவிடுகிறார்கள். டொயோட்டா அதற்குக் கேட்பது டபிள்யூ.எஸ் என்ற ஏ.டி.எஃப். ரீகண்டிஷன் வாகனத்தோடு வரும் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதுதான் தொல்லை. ஆனாலும் போன் கெமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தால் ஒயிலின் பெயராவது தெரிந்துவிடும்.

"இது வாழ்நாள் ஒயில், மாற்றத் தேவையில்லை" என்பதையும் அப்படியே எடுக்க வேண்டாம். கையேட்டில் கடுமையான பாவனைக்கென்று தனியாக ஒரு பகுதி இருந்தால் அதைத் தேடி வாசியுங்கள். நின்று நின்று போகும் நெரிசல், கடும் சூடு, அடிக்கடி குறுந்தூர ஓட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குத் தினம் வேலைக்குப் போய்வருகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மிஷின் வைத்து முழுவதையும் தள்ளிக் கழுவுகிற வேலையை, பல வருஷம் ஒயில் மாற்றாமல் ஓடிய பொக்ஸுக்குச் செய்ய நான் சொல்ல மாட்டேன். கீழே வடித்து, வடிந்த அளவு ஊற்றி, கொஞ்ச தூரம் ஓடிவிட்டு மறுபடி அதையே செய்வது பாதுகாப்பான வழி. ஒருமுறை வடித்தால் முழு ஒயிலும் வராது, டொர்க் கொன்வேர்ட்டருக்குள் நிறைய நின்றுவிடும்.

புது மொடல்கள் பலவற்றில் அளவு பார்க்கும் கோலே இல்லை. அடியில் ஒரு வழிவுத் துவாரம் இருக்கும். ஒயில் குறித்த சூட்டுக்கு வந்தபோது, பல டொயோட்டாக்களில் 40 பாகை செல்சியஸ் அளவில், என்ஜின் ஓட, வாகனம் மட்டமாக நிற்க, அந்தத் துவாரத்தால் மெல்லிய தாரையாக வழிந்தால் அளவு சரி. கொதிக்கக் கொதிக்கப் பார்த்தாலும் பிழை, குளிரில் பார்த்தாலும் பிழை. குறைந்தால் வழுக்கும், கூடினால் நுரைக்கும். இரண்டுக்கும் உதறல்தான் அறிகுறி என்பதால், நேற்று ஒயில் மாற்றி இன்று உதறினால் முதல் சந்தேகம் அளவின் மேல் வரட்டும். சில நிசான் சி.வி.டிகளில் ஒயில் மாற்றிய பிறகு ஸ்கேனரால் ஒயில் பழுதுக் கணக்கையும் பூச்சியமாக்க வேண்டும்.

ஒயில் சட்டியைக் கழற்றும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். அதன் அடியில் ஒன்றிரண்டு வட்டக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும். நறநறவென்று தட்டுப்பட்டாலோ, வெளிச்சத்தில் மினுங்கும் தகடுகள் தெரிந்தாலோ, கருகிய மணம் அடித்தாலோதான் பொக்ஸைத் திறப்பது பற்றிப் பேசத் தொடங்கலாம். ஒயில் ஃபலூடா நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஒயில் கூலர் உடைந்திருக்கலாம், அல்லது மழை நாளில் ஆமர் வீதி வெள்ளத்துக்குள் வாகனத்தை விட்டிருக்கலாம். பொக்ஸ் மூச்சு விடுவதற்கென்று மேலே ஒரு துவாரம் உண்டு, ஆழமான தண்ணீர் அதன் வழியாக உள்ளே போகும். அப்படி ஓடியிருந்தால் உதறல் வரும்வரை காத்திருக்காமல் ஒயிலைப் பாருங்கள்.

நாமே உண்டாக்கும் கோளாறு

வெள்ளவத்தை தொடர்மாடிகளின் கீழ்த்தளக் கார் தரிப்பிடத்திலிருந்து மேலே வரும் சரிவை நினைத்துப் பாருங்கள். மேலே கேற் பூட்டியிருக்கிறது, காவலாளி வருகிறார், நாம் அக்சிலேட்டரை அரைவாசி மிதித்தபடி வாகனத்தைச் சரிவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். டொர்க் கொன்வேர்ட்டர் அதைக் கொஞ்சம் பொறுக்கும். ஏ.ஜி.எஸ்ஸும் இரட்டைக் கிளச்சும் பொறுக்காது; அரைக் கிளச்சில் நிற்பது போல உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். பிரேக்கால் நிறுத்துங்கள், கேற் திறந்த பிறகு ஒரே மூச்சில் ஏறுங்கள். நெரிசலிலும் அப்படித்தான்: முன் வாகனத்தோடு அங்குலம் அங்குலமாக நகராமல், ஒரு கார் அளவு இடம் விட்டு ஒரேயடியாக நகர்ந்தால் கிளச்சுக்கு ஆயுள் கூடும்.

மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் திருப்பும்போது, வாகனம் பின்னுக்கு உருண்டுகொண்டிருக்கவே டியில் தட்டுவதும் பலருக்குப் பழகிப்போய்விட்டது. முழுதாக நின்ற பிறகு மாற்ற ஒரு நொடிதான் ஆகும். சரிவில் தரிக்கும்போது பியில் (P) போட்டுவிட்டுப் பிரேக்கை விடுவதும் வேண்டாம். முழு எடையும் உள்ளே ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும், மறுநாள் "டக்" என்று பெரிய சத்தத்தோடு கழரும். முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு கால் பிரேக்கைத் தளர்த்தி வாகனம் அமர்ந்தபின் பி. கண்டியிலிருந்து வரும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் (N) விடுவதால் எதுவும் மிஞ்சாது, பிரேக்தான் கருகும். எல் (L), எஸ் (S) அல்லது பி (B) என்ற எழுத்துகள் எதற்கென்று கையேட்டில் பாருங்கள்.

வாரண்டி இருக்கும்போது வெளியே திறப்பது

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தின் பொக்ஸை வெளியே திறக்கவிட்டால், பிறகு எந்த வாதமும் எடுபடாது. ஏஜென்டிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல் ஜொப் கார்டில் எழுதவைத்துப் பிரதி வாங்குங்கள். "இப்போதைக்குப் பிரச்சினை இல்லை" என்று அனுப்பினாலும் அந்தத் திகதி பின்னர் உதவும். கட்டுப்பாட்டு மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் வாகனங்களை இரட்டைக் கிளச் பொக்ஸின் கட்டுப்பாட்டு நிரல் காரணமாக 2013, 2014 இல் ஜப்பானில் பல தடவை திருப்பி அழைத்தார்கள். அப்படிப்பட்ட அழைப்பு உங்கள் வாகனத்துக்கு உண்டா, செய்து முடித்த பிறகுதான் இங்கே வந்ததா என்று செஸி இலக்கத்தை வைத்துத் தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் பார்க்கலாம். ரீகண்டிஷன் விற்பனையாளர் தரும் வாரண்டித் தாளில் கியர் பொக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்பதை வாங்கும் அன்றே வாசித்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்ததை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

எல்லாம் பார்த்தும் பொக்ஸ்தான் பழுது என்று உறுதியானால் பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பாவித்த பொக்ஸ் கிடைக்கும். மொடல் ஒன்றுதானே என்று பூட்டிவிட வேண்டாம். பொக்ஸின் தகட்டில் உள்ள குறியீடு பொருந்த வேண்டும். பல பொக்ஸ்களுக்கு அவற்றின் வால்வுத் தொகுதிக்கே உரிய அளவீட்டுத் தரவு உண்டு. அதை வாகனத்தின் கொம்பியூட்டரில் ஏற்றாவிட்டால் நல்ல பொக்ஸும் பழையதைப் போலவே உதறும். பூட்டுகிறவரிடம் அதற்கான ஸ்கேனர் இருக்கிறதா என்று பேரம் பேசுவதற்கு முன் கேளுங்கள்.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க யாராவது உதவிக்கு வருவார்கள். நல்ல மனம்தான், ஆனால் வேண்டாம் என்று சொல்லுங்கள். என்ஜின் முன்சில்லுகளை ஓட்டும் வாகனத்தின் முன்சில்லுகள் தரையில் உருண்டால், என்ஜின் ஓடாததால் ஒயில் பம்பும் ஓடாது. பொக்ஸ் ஒயில் இல்லாமல் உள்ளே சுழலும். ஹைபிரிட்டில் மின்மோட்டாரும் சேர்ந்து சுற்றும். முன்சில்லுகளைத் தூக்கி இழுக்க வேண்டும் அல்லது முழுதாகக் கெரியரில் ஏற்ற வேண்டும்; நாலு சில்லையும் என்ஜின் ஓட்டும் வாகனம் என்றால் கெரியர் மட்டும்தான். முழுக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில் இந்தச் செலவு அடக்கம், உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். பற்றரி செத்த வாகனத்தில் கியர் பியிலிருந்து நகராது. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்குக் கீழே பூட்டு விடுவிக்கும் பொத்தான் பல மொடல்களில் உண்டு. பொத்தானால் கியர் போடும் மொடல்களில் அதுவும் இல்லை, வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துத்தான் நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும்.