பழைய பட்டியலை மீட்கப்போய்ப் புதியதைத் தொலைக்காதீர்கள்

மண்சரிவு நிவாரணமோ கோயில் திருவிழாச் சந்தாவோ, இப்போது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முதல் வேலையே ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்து லிங்க்கை வட்ஸ்அப் குரூப்பில் போடுவதுதான். நல்ல விஷயம். ஆனால் ஷீட் குழம்பியது தெரிந்தவுடன், என்ன குழம்பியது என்று பார்க்காமலே, பழைய பதிப்புகள் சேர்ந்திருக்கும் வெர்ஷன் ஹிஸ்ட்ரிக்குள் போய் நேற்றைய பதிப்பை மீட்டுவிடுகிறார்கள். பாதிச் சேதம் அங்கேதான் நடக்கிறது.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தின் நிவாரணப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவிஷன், லயன் இலக்கம், குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர். யாரோ ஒருவர் அகரவரிசையில் இருந்தால் தேட லேசு என்று நினைத்து, மேலிருந்து கீழாக உள்ள பெயர் வரிசையை மட்டும் தெரிவுசெய்து அடுக்கிவிட்டார். பெயர்கள் இடம் மாறிவிட்டன, அடையாள அட்டை இலக்கங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பார்வைக்கு ஷீட் முன்பைவிட அழகாக இருக்கும், அதனால் இரண்டு நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது, அதற்குள் மேல் டிவிஷன்காரர்கள் தங்கள் குடும்பங்களைக் கீழே சேர்த்திருப்பார்கள். இப்போது பழைய பதிப்பை மீட்டால் பெயர்கள் சரியாகும், மேல் டிவிஷன் முழுக்கக் காணாமல் போகும். மீட்பது எப்போதும் முழு ஃபைலையும்தான்.

அதனால் முதலில் பழைய பதிப்புக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, அதைத் தனிப் பிரதியாக எடுங்கள். அந்தப் பிரதியிலிருந்து பெயர் வரிசையை மட்டும் கொப்பி பண்ணி, இப்போதைய ஷீட்டில் அதே வரிகளில் ஒட்டினால் வேலை முடிந்தது.

சரி, யாரோ ஏற்கெனவே மீட்டுவிட்டார் என்றால்? பதறாதீர்கள். மீட்ட பதிப்பு வெர்ஷன் ஹிஸ்ட்ரியில் மேலே புதிதாக வந்து உட்காரும், அதற்கு முந்தியதும் கீழே அப்படியே இருக்கும். ஆனால் மூன்று பேர் மூன்று இடத்திலிருந்து ஆளுக்கொரு பதிப்பை மீட்க ஆரம்பித்தால் எது சரியானது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும், ஒருவரிடம் பொறுப்பை விடுங்கள். இன்னொன்று, நம் பக்கத்துச் சிக்னல் தெரிந்ததுதானே. ஆஃப்லைனில் எழுதியவை சிக்னல் கிடைத்த பிறகுதான் ஷீட்டுக்கு வந்து சேரும். யாருடைய போனிலாவது ஏறாமல் ஏதும் கிடக்கிறதா என்று குரூப்பில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஒரே ஒரு கட்டத்தில்தான் சந்தேகம் என்றால் முழு வரலாறும் தேவையில்லை. கணினியில் அதன்மேல் வலது கிளிக் செய்தால் அந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்று காட்டும். ஆனால் வரி சேர்த்தது, அழித்தது போன்ற சில மாற்றங்களை அது காட்டாது.

யார் மாற்றினார் என்பது தெரிய வேண்டுமானால் லிங்க்கையும் கவனிக்க வேண்டும். லிங்க் உள்ள எவரும் எடிட் பண்ணலாம் என்று திறந்துவிட்டால், கணக்குக்குள் நுழையாமல் வருகிறவர்கள் எல்லோரும் அநாமதேயர் என்றே பதிவாவார்கள், அப்புறம் குரூப்பில் நீயா நானா என்று சண்டைதான்.

கிராம சேவகரிடம் கொடுப்பதற்கு முன், அன்றைய பதிப்புக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். பெயரில்லாத பதிப்புகளை கூகுள் இடத்தை மிச்சப்படுத்த ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடும். ஒரு ஷீட்டில் 15 பதிப்புகளுக்கும், டொக்ஸ் ஆவணத்தில் 40 பதிப்புகளுக்கும் பெயர் வைக்கலாம்.

பிரதி எடுத்தாலோ எக்செலாக இறக்கினாலோ வரலாறு கூடவே வராது. ஆகவே புதிய பிரதி வந்துவிட்டதே என்று மூல ஃபைலை அழிக்காதீர்கள், குப்பைத்தொட்டியில் அது 30 நாள்தான் இருக்கும். எக்செல் ஃபைலை அப்படியே டிரைவில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கும் ஏறத்தாழ அதே கணக்குதான். பழைய பதிப்புகள் 30 நாள் கழித்தோ, 100 பதிப்புகள் சேர்ந்த பிறகோ போய்விடலாம், முக்கியமானதை நிரந்தரமாக வைத்திரு என்று நீங்களே குறித்து வைக்க வேண்டும்.