கொஞ்சம் பூசின உடம்பா? முகூர்த்தப் பட்டும் பிளவுஸும் இப்படி எடுங்க

கல்யாணப் பொண்ணு டபுள் எக்ஸ்எல்லோ அதுக்கு மேலயோ இருந்தா போதும், தேதி குறிச்ச அன்னிக்கே ஆளாளுக்கு ஆரம்பிச்சிடுவாங்க. டார்க் கலர் எடு, பெரிய பார்டர் வேணாம், அதுக்குள்ள கொஞ்சம் இளைச்சிடும்மா. இதையெல்லாம் கேட்டுக் கேட்டே பாதி பொண்ணுங்க கடைக்குள்ள போகும்போதே முகம் வாடித்தான் போறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். புடவைங்கறது எந்த உடம்பையும் சுத்திக்கிட்டு அழகா நிக்கற துணி, அதுக்கு சைஸே கிடையாது. சைஸ் பாக்க வேண்டியது பிளவுஸுக்கும் உள்பாவாடைக்கும்தான், அதனால உங்க நேரத்தையும் காசையும் அங்க கொஞ்சம் கூடுதலா போடுங்க.

முதல் வேலை, அளவு. இப்ப இருக்கற உடம்புக்குத்தான் எடுக்கணும், ரெண்டு மாசத்துல குறையப்போற உடம்புக்கு இல்ல. பிரா சரியான சைஸ் இல்லன்னா முதல்ல அத வாங்கிடுங்க, முகூர்த்தத்தன்னிக்கு எத போடப்போறீங்களோ அத போட்டுக்கிட்டுத்தான் டெய்லர் முன்னாடி நிக்கணும். மார்புச் சுத்து, அதுக்குக் கீழ் சுத்து, இடுப்பு, சீட் (பின்பக்கத்தோட அகலமான சுத்து), மேல்கை சுத்து, ஷோல்டர் எல்லாம் எழுதி போன்ல வச்சிக்கோங்க. இடுப்பளவ உக்காந்த நிலையிலயும் ஒரு தடவ எடுங்க, நிக்கறதுக்கும் உக்கார்றதுக்கும் நல்லாவே வித்தியாசம் வரும், ஒட்டியாணம் எடுக்கும்போது அதுதான் வேணும்.

அடுத்தது கடை. காஞ்சிபுரமோ தி.நகரோ எங்க போனாலும் மடிப்போட பாத்து முடிவு பண்ணாதீங்க, தோள்ல போட்டு கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க. கைல பிடிச்சா மெத்துனு விழற பட்டு உடம்போட இறங்கும், டிஷ்யூ பட்டு மாதிரி விறைப்பா நிக்கறது கொசுவம் வச்ச இடத்துல உப்பிக்கிட்டு இடுப்ப அகலமா காட்டும். புடவை பூரா ஜரிகை போட்டது வெயிட்டும் ஜாஸ்தி, ஒரு கிலோவ நெருங்கறது கூட உண்டு, அவ்வளவையும் சுமந்துக்கிட்டு ஹோமப் புகைல உக்காரணும்ங்கறத யோசிச்சுக்கோங்க. சின்ன புட்டா, வைர ஊசி மாதிரி மெல்லிசு கோடு இதெல்லாம் நல்லா எடுப்பா இருக்கும். ஆனா கோடு போட்ட புடவைய கட்டினதுக்கப்புறம் கோடு மேலருந்து கீழா ஓடுதா இல்ல குறுக்கால ஓடுதான்னு பாத்துட்டு எடுங்க. பெரிய கொட்டடி கட்டம் வயித்துக்கிட்ட வளைஞ்சு தெரியும், நான் எடுக்க விடமாட்டேன். பார்டர் விஷயத்துல உடம்ப விட உயரத்தத்தான் பாக்கணும், அஞ்சடிக்குக் குறைவா இருந்தா மீடியம் பார்டர், நல்ல உயரம்னா கோர்வை போட்ட, அதாவது வேற கலர்ல நெய்து புடவையோட கோத்த பெரிய பார்டரே ராணி மாதிரி இருக்கும்.

கலர் உங்க இஷ்டம், நிஜமாவே. அரக்கு, மயில்கழுத்து, எம்.எஸ். ப்ளூ, மாம்பழ மஞ்சள், எது முகத்துக்கிட்ட வச்சா முகம் பளிச்னு இருக்கோ அத எடுங்க. நிறைய வீட்டுல கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டுல எடுக்கறது, அப்படின்னா நாங்களும் கூட வர்றோம்னு முன்னாடியே சொல்லிடுங்க, அதுல தப்பே இல்ல.

இப்ப யாரும் சொல்லாத ஒரு விஷயம், நீளம். ஒரு பட்டுப் புடவை சுமாரா 5.5 மீட்டர், அதோட பிளவுஸ் பிட் ஒரு 80 சென்டிமீட்டர் சேர்ந்து வரும். சீட் அளவு 50 இஞ்ச்னா ஒரு சுத்துக்கே 1.27 மீட்டர் போயிடும், ரெண்டு சுத்தும் முந்தானையும் போக கொசுவத்துக்கு மிஞ்சறது கம்மி. நாலே கொசுவம் வச்சா முன்பக்கம் இறுக்கமா இருக்கும், நடக்கவும் கஷ்டம். அதனால பிளவுஸ் பிட் முந்தானைக்கு எதிர் முனைல இருந்தா அத வெட்டாதீங்க, அப்படியே புடவையோட விட்டுடுங்க. அந்தப் பகுதி உள்ள சொருகற முதல் சுத்துல மறைஞ்சிடும், கலர் வேறயா இருந்தாலும் வெளிய தெரியாது, அந்த நீளம் பூரா கொசுவத்துக்குக் கிடைக்கும். எப்படியும் 44 இஞ்ச் மார்புக்கு முழங்கை வரைக்கும் கை வச்சு தைக்க 80 சென்டிமீட்டர் இழுபறிதான். பார்டர் கலர்லயே தனியா பட்டுத் துணி ஒண்ணேகால் மீட்டர் வாங்கிடுங்க.

பிளவுஸ்தான் முக்கியமான கட்டம், இங்க அவசரப்படவே கூடாது. ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசில போடற எம்ப்ராய்டரி வைக்கறதா இருந்தா துணிய தைக்கறதுக்கு முன்னாடியே அளவ மார்க் பண்ணி ஃப்ரேம்ல இழுத்துக் கட்டித்தான் போடுவாங்க, வேலை முடிஞ்சதுக்கப்புறம் கழுத்த ஏத்தறதோ கைய அகலமாக்கறதோ நடக்காது. அதனால முதல்ல சாதா லைனிங் துணில ஒரு மாதிரி ஜாக்கெட் தைச்சுக் குடுங்கன்னு டெய்லர்கிட்ட கேளுங்க, கூலி கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல. அத போட்டுக்கிட்டு ரெண்டு கையையும் மாலை மாத்தற மாதிரி தலைக்கு மேல தூக்குங்க. கீழ்ப்பட்டி அப்படியே மேல ஏறி வந்தா கைக்குழி ரொம்ப கீழ இறங்கியிருக்குன்னு அர்த்தம். கைக்குழிய அக்குளுக்குக் கிட்ட ஏத்தி வெட்டி கைய அகலமா வச்சா சரியாகும். அப்புறம் மணைல உக்கார்ற மாதிரி சம்மணம் போடுங்க, குனிஞ்சு கால்ல விழுந்து எந்திரிங்க. ஹூக் நடுவுல இடைவெளி விரியுதான்னு யாரயாவது பாக்கச் சொல்லுங்க, விரிஞ்சா உள்பக்கம் அகலமா ஒரு பட்டி வச்சு ஹூக்க நெருக்கி வைக்கணும்.

பெரிய மார்புக்கு மேலருந்து கீழ வரைக்கும் நீளமா தையல் ஓடற பிரின்சஸ் கட் நல்லா உக்காரும், நல்ல டெய்லர் கைல துணிய சாய்வா வெட்டித் தைக்கற கிராஸ் கட்டும் அருமையா வரும். கை முழங்கை வரைக்கும் இருந்தா பார்டர் சதைப்பத்தான இடத்துல முடியாம மெலிசான இடத்துல முடியும், அதுதான் ரகசியம். கைய முழுக்க மணி, கல்லுனு நிரப்பினா விறைச்சுக்கிட்டு நிக்கும், வேலைய கை ஓரத்துலயும் முதுகுக் கழுத்துலயும் வச்சிக்கோங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்சாவது உள் தையல் விடச் சொல்லுங்க, கல்யாணத்துக்கு முந்தின வாரம் கூடினாலும் குறைஞ்சாலும் பிரிச்சு சரி பண்ணிக்கலாம்.

உள்பாவாடை பத்தி சுருக்கமா. நாடாவ தொப்பைக்குக் கீழ கட்டினா வயிறு அதுக்கு மேல வழியும், தொப்புள் மட்டத்துலயோ துளி மேலயோ கட்டுங்க. அகலமா பெல்ட் வச்சது இன்னும் நல்லது. உடம்போட ஒட்டிக்கிட்டு கீழ மட்டும் விரியற ஃபிஷ் கட் ஷேப்வேர் ஷேப்பா காட்டும்தான், ஆனா அதுல சம்மணம் போட முடியுதான்னு பாக்காம வாங்காதீங்க, முடியலன்னா ரிசப்ஷனுக்கு வச்சிக்கலாம்.

நகைல மேல்கைல போடற வங்கியும் ஒட்டியாணமும்தான் கடைசி நேரத்துல பத்தாமப் போகும். வாடகைக்கு எடுத்தாலும் கை சுத்தையும் உக்காந்த இடுப்பளவையும் முன்னாடியே சொல்லி செயின் சேத்து வைக்கச் சொல்லுங்க. மாலைய உருண்டையா தடிமனா கட்டாம தட்டையா, இடுப்புக்குக் கீழ வர்ற மாதிரி நீளமா கட்டச் சொல்லுங்க, இல்லன்னா அவ்வளவு பாத்துப் பாத்து தைச்ச பிளவுஸ் ஒரு போட்டோலயும் தெரியாது.

கடைசியா ஒரு ஒத்திகை. ஒரு வாரம் முன்னாடி பிளவுஸ், பாவாடை, புடவை, நகை எல்லாத்தையும் போட்டு, கட்டிவிடப் போறவங்க கையாலயே கட்டிக்கோங்க. முந்தானை மடிப்பு நாலஞ்சு இஞ்ச் அகலத்துல இருக்கட்டும், வலது பக்கம் அக்குளுக்குக் கீழ புடவைய கொஞ்சம் ஏத்தி இழுத்தா இடுப்பு மடிப்பு மறைஞ்சிடும். அப்படியே ஒரு அரைமணி நேரம் தரைல உக்காருங்க. எங்க குத்துது, எங்க இழுக்குதுன்னு உடம்பே சொல்லும், டெய்லருக்கு அன்னிக்கே போன் பண்ணிடுங்க.