ட்யூன் செய்த பிக்அப்பில் கனமான கேம்பரை இழுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவில் பிக்அப் டிரக் வைத்திருப்பவர்களில் பலர் முதலில் எஞ்சினை ட்யூன் செய்கிறார்கள், அதாவது எஞ்சினின் கணினி நிரலை மாற்றி வலுவைக் கூட்டுகிறார்கள். பின்னால் இழுத்துச்செல்லும் வீட்டு டிரெய்லரான கேம்பர் வாங்கும் எண்ணம் பிறகுதான் வருகிறது. அப்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "குதிரைத்திறன்தான் கூடியிருக்கிறதே, இன்னும் பெரிய கேம்பராக வாங்கலாமா?" கூடாது. ட்யூன் உங்கள் வண்டியின் இழுவை வரம்பை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. சட்டகம், பின்அச்சு, ஸ்பிரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவைதான். மேட்டில் ஏறும் வேகம் மட்டுமே மாறியிருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் இதைப் பாருங்கள். 2021-இல் வெளிவந்த ராம் 1500 டிஆர்எக்ஸ் என்ற பிக்அப்பின் எஞ்சின் 702 குதிரைத்திறன் கொண்டது. இழுவை வரம்பு 8,100 பவுண்டு. அதே ராம் 1500 வரிசையில் 395 குதிரைத்திறன் ஹெமி எஞ்சினோடு, இழுவைக்கென்று அமைத்துத் தந்த வண்டிகள் 12,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும். டிஆர்எக்ஸின் மென்மையான ஸ்பிரிங்குகள் பாலைவன மணலில் பறப்பதற்காகச் செய்யப்பட்டவை, பாரம் தாங்குவதற்காக அல்ல. எனவே நம் வேலை எஞ்சினிலிருந்து தொடங்குவதில்லை. ஓட்டுநர் கதவிலிருந்து தொடங்குகிறது.

படி 1: கதவோரத்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டியில் ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் பேலோட். விளம்பரப் புத்தகத்தில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். ஒரே மாடலின் இரண்டு வண்டிகளுக்கு இடையில்கூட இந்த எண் சில நூறு பவுண்டு வேறுபடும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், தோல் இருக்கை என ஒவ்வொன்றும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய பிறகு நீங்கள் மாட்டிய இரும்பு பம்பர், பெரிய டயர் ஆகியவற்றின் கூடுதல் எடையை நீங்களேதான் கழிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,650 பவுண்டு என்று இருக்கிறது. நீங்கள் விரும்பும் கேம்பரின் அதிகபட்ச அனுமதி எடை 7,600 பவுண்டு. கேம்பரின் காலி எடையை வைத்துக் கணக்கிடவே கூடாது. காலியாக யாரும் முகாமுக்குப் போவதில்லை. 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல் வரும். டிரெய்லரின் முன்முனை, டிரக்கின் பின்னால் உள்ள இணைப்பான ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்பார்கள். சாதாரண டிராவல் டிரெய்லர் வகைக் கேம்பரில் அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். 13 சதவீதம் என்று வைத்தால் 988 பவுண்டு. டங் வெயிட்டை முன்அச்சுக்கும் பரப்பிக் கொடுக்கும் கம்பிகள் கொண்ட எடை பகிரும் ஹிட்ச் சுமார் 90 பவுண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 540 பவுண்டு. கூட்டினால் 1,618. மிச்சம் 32 பவுண்டு! டிரக்கின் பின்தொட்டிக்கு ஒரு மூடி போட்டாலே வரம்பு தாண்டிவிடும். ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, சைக்கிள்கள், அரிசி மூட்டை எதையும் இன்னும் ஏற்றவில்லை.

இழுவை வரம்பு 11,000 பவுண்டு என்று பெருமையாக எழுதியிருக்கும் வண்டி 7,600 பவுண்டு கேம்பரிலேயே பேலோடால் தோற்றுப்போவது அன்றாடம் நடப்பது. கணக்கு இடிக்கிறது என்றால் சிறிய கேம்பர் பாருங்கள். இல்லையேல் கூடுதல் பாரம் தாங்கும் முக்கால் டன் வகை டிரக்குக்கு மாறுங்கள். டிரக்கின் பின்தொட்டிக்குள் உள்ள இணைப்பில் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகைக் கேம்பராக இருந்தால் டிரக்கின் மேல் விழும் எடை சுமார் 20 முதல் 25 சதவீதம். ராம் 1500 போன்ற அரை டன் டிரக்கில் அதை நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 2: ட்யூனை இழுவைக்கு ஏற்றதாக மாற்றுங்கள்

ட்யூனை ஏற்றும் கையடக்கக் கருவியான ட்யூனர் வைத்திருப்பவர்களுக்கு அதில் பல நிலைகள் இருக்கும்: தொழிற்சாலை நிலை, இழுவை நிலை, தெரு நிலை, பந்தய நிலை. கேம்பரைக் கோக்கும் முன் இழுவை நிலைக்கோ தொழிற்சாலை நிலைக்கோ மாற்றிவிடுங்கள். பந்தய ட்யூன் சில நொடி முழு வேகத்துக்காக எழுதப்பட்டது. மலையேற்றத்தில் எஞ்சின் இருபது நிமிடம் முழு மூச்சில் உழைக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும்.

டீசல் ட்யூன் கூடுதல் எரிபொருளை ஊற்றித்தான் முறுக்குவிசையை உயர்த்துகிறது. அதற்கேற்ற காற்று கிடைக்காவிட்டால் வெளியேறும் புகையின் வெப்பம் எகிறும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு முன்னால் அந்த வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டர் ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். 1,250 முதல் 1,300 டிகிரி ஃபாரன்ஹீட் வரைதான் தொடர்ந்து ஓட்டத்தக்க எல்லை என்று டீசல் வண்டிக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். முள் அதைத் தொட்டால் காலைத் தளர்த்தி, கியரைக் குறைத்து, மெதுவாக ஏறுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பமும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

பெட்ரோல் டர்போ வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஆக்டேன், அதாவது நேரம் தவறி வெடிக்காமல் தாங்கும் பெட்ரோலின் தரத்தைக் காட்டும் எண். பல ட்யூன்கள் 93 ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதப்பட்டவை. கிழக்கு மாநிலங்களில் அது எளிதாகக் கிடைக்கும். கொலராடோவுக்குள் நுழைந்தால் பம்பில் 85 என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். அங்கே பிரீமியம் என்றாலே பெரும்பாலும் 91தான். 93-க்கு எழுதிய ட்யூனில் 91 ஊற்றிக்கொண்டு மலையேறினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் தட்டல் தொடங்கலாம், பிஸ்டன் பாழாகலாம். புறப்படும் முன்பே 91-க்கு எழுதிய ட்யூனை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருபோதும் 85 ஊற்றாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீசல் புகைவடிகட்டியையும் மற்ற மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளையும் கழற்றிவிட்டுச் செய்யும் ட்யூன் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் புறம்பானது. முகாமிடும் காட்டில் நம் பிள்ளைகளே அந்தப் புகையைத்தான் சுவாசிப்பார்கள். அப்படிப்பட்ட ட்யூனை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சட்டப்படியான ட்யூனிலும் எஞ்சின் வாரண்டி சிக்கலாகலாம். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

படி 3: கோக்கும் முறை

கேம்பரின் இணைப்புக் கிண்ணத்தில் பொறித்திருக்கும் அளவும் ஹிட்ச் பந்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குலம், 2 5/16 அங்குலம் இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சிறிய பந்தில் பெரிய கிண்ணம் உட்கார்ந்துவிடும், முதல் பள்ளத்தில் எகிறிவிடும். பூட்டிய பிறகு ஜாக்கை வைத்து டிரெய்லரின் முனையை உயர்த்திப் பாருங்கள். டிரக்கின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பந்து சரியாகப் பிடித்திருக்கிறது.

பாதுகாப்புச் சங்கிலிகளை அடியில் குறுக்காக மாட்டுங்கள். பிரேக்அவே கம்பியைத் தனியாக டிரக்கின் சட்டகத்தோடு இணைக்க வேண்டும், சங்கிலியில் கோக்கக் கூடாது. கேம்பர் கழன்று போனால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைப்பது அந்தக் கம்பிதான். பிறகு விளக்குகள், டயர் காற்று. டிரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைலுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. பக்கச் சுவரில் உள்ள வேகக் குறியைப் பாருங்கள்.

படி 4: எடை போடுங்கள்

நெடுஞ்சாலையோர டிரக் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். லாரிக்காரர்களுக்குத்தான் என்று கூச்சப்படாதீர்கள். மூன்று முறை எடை போட வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மறுபடி போட்டால் கட்டணம் குறைவு. முன்அச்சு, பின்அச்சு, கேம்பர் அச்சு மூன்றையும் தனித்தனிப் பலகையில் நிற்கும்படி நிறுத்துங்கள்.

கற்பனையாக ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தோடு டிரக் மட்டும்: முன்அச்சு 3,220, பின்அச்சு 2,710. கேம்பரைக் கோத்து, எடை பகிரும் கம்பிகளை மாட்டாமல்: முன்அச்சு 2,820, பின்அச்சு 4,070, கேம்பர் அச்சு 6,440. டிரக்கின் இரண்டு அச்சுகளையும் கூட்டி, தனி டிரக்கின் எடையைக் கழித்தால் 960 பவுண்டு. அதுதான் உண்மையான டங் வெயிட். கேம்பரின் முழு எடை 7,400. ஆக டங் வெயிட் ஏறத்தாழ 13 சதவீதம். நல்லது. ஆனால் முன்சக்கரங்களிலிருந்து 400 பவுண்டு எழும்பிவிட்டது. ஸ்டியரிங் லேசாகும், முன்பிரேக்கின் பிடி குறையும், பின்அச்சின் வரம்பு 3,800 என்றால் அதுவும் தாண்டிவிட்டது.

இப்போது கம்பிகளை மாட்டி மூன்றாவது எடை: முன்அச்சு 3,060, பின்அச்சு 3,690, கேம்பர் அச்சு 6,580. இழந்த 400-இல் 240 பவுண்டு முன்னே திரும்பிவிட்டது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை உங்கள் டிரக்கின் கையேடு சொல்லும். அதன்படி கம்பிகளை இறுக்குங்கள். கம்பி எடையைப் பரப்பிக் கொடுக்கிறது, வரம்பைக் கூட்டுவதில்லை.

டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் புறப்படாதீர்கள். சாமான்களை முன்னே நகர்த்துங்கள். பின்பக்கம் கனத்த கேம்பர்தான் நெடுஞ்சாலையில் பாம்பாக நெளியும்.

படி 5: பிரேக்கைப் பழக்குங்கள்

காலியான, காய்ந்த, சமதளமான வாகன நிறுத்துமிடம் ஒன்றைத் தேடுங்கள். மணிக்கு 20-25 மைல் வேகத்தில் போய், டிரக்கில் இருந்தபடி கேம்பரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கண்ட்ரோலரின் கைநெம்புகோலை மட்டும் அழுத்துங்கள். கேம்பர் பின்னாலிருந்து டிரக்கைத் திடமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால், பிரேக் பிடிக்கும் வலுவைக் குறிக்கும் கெயினைச் சற்றுக் குறையுங்கள். பிடியே இல்லையென்றால் கூட்டுங்கள். பாரம் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும்.

அங்கேயே நெம்புகோலைப் பார்க்காமல் தொட்டுப் பழகுங்கள். கேம்பர் ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், கைநெம்புகோலால் கேம்பர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். டிரக் பிரேக்கை மிதிக்கவும் வேண்டாம், வேகத்தைக் கூட்டித் தப்பிக்கவும் வேண்டாம். ட்யூன் செய்த வண்டிக்காரருக்கு அந்த இரண்டாவது ஆசைதான் முதலில் வரும்.

படி 6: ஏற்றம்

டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் போனால் சுமார் 11,000 அடி உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். சுரங்கத்தை அடையும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ எஞ்சின் சமாளிக்கும். ஆனால் மெல்லிய காற்றை அழுத்த டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதன் மேல் அதிக அழுத்தம் கேட்கும் ட்யூனும் சேர்ந்தால் டர்போ தன் வேக வரம்பைத் தாண்டிவிடலாம். இழுவை நிலையை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கியர் மாற்றத்தை இழுவைக்கு ஏற்றதாக்கும் டோ/ஹால் பொத்தானை அழுத்துங்கள், வலது தடத்தில் லாரிகளோடு ஏறுங்கள். இழுவை வரம்பை நிர்ணயிக்கும், வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் ஜே2807 சோதனை அரிசோனாவின் டேவிஸ் அணைச் சரிவில் 11.4 மைல் ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. சாதாரண பிக்அப் அதில் 40 மைல் வேகத்துக்குக் கீழே போகாமல் இருந்தாலே தேர்ச்சி. நீங்களும் 45-இல் ஏறினால் தவறே இல்லை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எல்லா வண்டிக்கும் உச்ச வேகம் 55 மைல்தான்.

படி 7: இறக்கம்

சுரங்கத்தைத் தாண்டியதும் சில்வர்தார்ன் ஊர் வரை சுமார் 8 மைல், 7 சதவீதம் வரை சரிவு. பிரேக் போன லாரிகளுக்கான தப்பிப்புப் பாதைகள் வழியில் இருப்பதைப் பார்ப்பீர்கள். ட்யூன் இங்கே ஒரு உதவியும் செய்யாது. உச்சியிலேயே, வேகம் பிடிக்கும் முன், கியரைக் குறைத்துவிடுங்கள். டீசலில், வெளியேறும் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் போடுங்கள். 50 மைல் வேகத்தில் இறங்க நினைத்தால், 50-ஐத் தாண்டும்போது பிரேக்கை நன்றாக மிதித்து 40-45-க்குக் கொண்டுவந்து, முழுவதுமாக விட்டுவிடுங்கள். மிதியை லேசாக அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் ஆறவே ஆறாது.

சில்வர்தார்னில் நிறுத்துங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் கேம்பரின் ஒவ்வொரு சக்கர மையத்தையும் அளந்து பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் வேலை செய்யவில்லை. புதிதாகச் சக்கரம் மாட்டியிருந்தால் முதல் 50-100 மைலில் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். வெப்பத்தில் வித்தியாசம் தெரிந்தால் ஐ-70-இல் அடுத்து வரும் 10,662 அடி உயர வேல் கணவாய்க்குப் போகாமல், அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.